வெயிலும் ஒரு விளைச்சல்



இன்று ஒரு கிராமத்தின் கதையைச் சொல்கிறேன். இது நடந்த கதை.

குஜராத் மாநிலத்தில், கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். அங்கே விவசாயிகள் டீசல் பம்பு வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். செலவு அதிகம். புகையும் அதிகம்.

டீசல் எரிந்தால் கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். நிலக்கரி எரிந்தாலும் இதே வாயுதான். இந்த வாயு பூமியைப் போர்வை போல மூடுகிறது. சூட்டை வெளியே விடுவதில்லை. அதனால் பூமி சூடாகிறது. மழை தப்புகிறது. முதல் அடி யாருக்கு? பயிர் செய்கிறவருக்குத்தான்.

துண்டியில் 6 விவசாயிகள் ஒன்றுகூடினார்கள். 2016ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் உதவி செய்தது. வயலில் சூரியத் தகடுகளை வைத்தார்கள். வெயில் பட்டதும் மின்சாரம் வந்தது. பம்பு ஓடியது.

இங்கே ஒரு கேள்வி எழும். வெயிலுக்கு விலை இல்லை. அப்படியானால் பகல் முழுவதும் பம்பு ஓடுமே! நிலத்தடி நீர் வற்றிப் போகாதா?

அதற்கும் வழி செய்தார்கள். மிச்ச மின்சாரத்தை மின்சாரக் கம்பெனி விலைக்கு வாங்கியது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு. 25 ஆண்டுக்கு ஒப்பந்தம். வீணாக இறைத்தால் விற்க மின்சாரம் இருக்காது. அளவாக இறைத்தால் பணம் வரும். தண்ணீரும் மிஞ்சும். நெல்லைப் போல வெயிலும் ஒரு விளைச்சல் ஆயிற்று!

பிறகு அரசும் திட்டங்கள் போட்டது. 2019இல் பி.எம். குசும் திட்டம் வந்தது. சூரிய பம்பு வாங்க, விலையில் நூற்றுக்கு 30 பங்கு மத்திய அரசும், 30 பங்கு மாநில அரசும் தருவது என்று முடிவானது. மீதி விவசாயியின் பொறுப்பு. 2024இல் வீட்டுக் கூரைக்கும் ஒரு திட்டம் வந்தது. 2 கிலோவாட் தகட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள்.

கரியமில வாயுவைக் குறைப்பதாக நம் நாடு உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. 2070க்குள், வெளியே விடும் வாயுவும் காற்றிலிருந்து அகற்றும் வாயுவும் சரிக்குச் சரி ஆக வேண்டும். இது 2021இல் கொடுத்த வாக்கு. ஆனால் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. இரவில் வெயில் இல்லை. நமக்குப் பெரும்பகுதி மின்சாரத்தை இன்றும் நிலக்கரிதான் தருகிறது.

நண்பர்களே! உங்கள் ஊருக்கும் தகடு விற்க ஆள் வரலாம். உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் தாளைப் படியுங்கள். மானியம் எவ்வளவு? நம் பங்கு எவ்வளவு? மிச்ச மின்சாரத்தை வாங்குவார்களா? யூனிட்டுக்கு என்ன விலை? தகடு கெட்டால் யார் பழுது பார்ப்பார்? பதில் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மின்சார அலுவலகத்தில் கேளுங்கள்.

எழுத்துக் கற்றது இதற்கும்தான்.