மூக்கை அளந்தவர்களும் ரத்தத்தைப் பூட்டியவர்களும்

(அம்பகரத்தூரில் மாணவர்கள் கூட்டிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



மனிதன் எங்கேயிருந்து வந்தான், எப்படி வந்தான் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். உள்ளே வரும்போது ஒரு தோழர் கேட்டார்: "கூலிப் பிரச்சினை இருக்கு, பட்டா பிரச்சினை இருக்கு, சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை இருக்கு. இப்ப போயி குரங்கு கதை எதுக்குங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சுடுகாட்டுப் பாதையை மறிக்கிறவன் கையில் தடி மட்டும் இல்லை, ஒரு தோற்றக் கதையும் இருக்கிறது. முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் இருக்கிறது. மனுநூல் அதைச் சட்டமாக்கியது. அந்தக் கணக்கில் நமக்குக் கால்கூடக் கிடையாது. உடம்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட சனம் நாம். இந்த ஊரையே எடுத்துக்குங்க. பத்ரகாளி அசுரனை வதம் செய்த இடம் என்பது தலபுராணம். காளி நம்ம சாமி. எருமை நம்ம கொட்டகையில் நின்ற பிராணி. ஆனால் அசுரன் யார், அவனை ஏன் கொல்ல வேண்டும் என்பதை மட்டும் வேறு யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். பிறப்பைச் சொல்கிறவன் இருப்பையும் தீர்மானிக்கிறான். அதனால்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்தக் குரங்குக் கேள்வியை முடித்துவிடுவோம். "குரங்கிலிருந்து மனுசன் வந்தான்னா இப்ப ஏன் குரங்கு இருக்கு?" என்று கேட்பார்கள். 2018 ஜனவரியில் ஒன்றிய மனிதவளத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தப்பு என்று பேசினார். நம்ம ஊர் ஆற்றை வைத்தே பதில் சொல்லலாம். குடமுருட்டியும் காவிரியில் பிரிந்தது, அரசலாறும் காவிரியில் பிரிந்தது. குடமுருட்டியிலிருந்துதான் அரசலாறு வந்தது என்று யாராவது சொல்வோமா? சிம்பன்சியும் மனிதனும் அப்படித்தான். சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த கிளைகள். பங்காளிகள். யாரும் யாருக்கும் அப்பன் இல்லை.

பிரிந்த கிளையும் நேராக ஓடவில்லை. 1974-ல் எத்தியோப்பியாவில் எடுத்த 'லூசி' என்ற பெண்ணின் எலும்புகள் 32 லட்சம் ஆண்டு பழையவை. இரண்டு காலால் நடந்தாள், மூளை சிறியது. நம்முடைய இனமாகிய ஹோமோ சேப்பியனின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் ஜெபல் இர்ஹூத் என்ற இடத்தில் கிடைத்தவை. சுமார் 3 லட்சம் ஆண்டு என்று 2017-ல் அறிவித்தார்கள். எல்லாம் ஆப்பிரிக்கா. மனிதனின் பூர்வீகம் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று டார்வின் 1871-லேயே எழுதிவிட்டார். வெள்ளைக்காரப் படிப்பாளிகளுக்கு அது செரிக்கவில்லை. 1912-ல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்ற இடத்தில் ஆதி மனிதன் கிடைத்துவிட்டான் என்று கொண்டாடினார்கள். மனித மண்டை ஓட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, சாயம் பூசி வைத்த மோசடி அது. வெளிப்படையாக ஒத்துக்கொள்ள 1953 ஆகிவிட்டது. நடுவில் 1924-ல் தென்னாப்பிரிக்காவில் ரேமண்ட் டார்ட் கையில் உண்மையான புதைபடிவம் ஒன்று கிடைத்தது. அதைப் பல வருஷம் யாரும் சீந்தவில்லை. கறுப்பர் பூமியிலா நம் பாட்டன் பிறந்தான் என்கிற கூச்சம் அறிவாளிகளுக்கும் இருந்தது. அறிவியலிலும் சேரி உண்டு, அக்ரகாரம் உண்டு. ஆனால் ஒரு வித்தியாசம். அந்த மோசடியைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் விஞ்ஞானிகளே. வேதத்துக்கு அப்படி ஒரு திருத்தம் வந்ததாக வரலாறு இல்லை.

இனி நம் பக்கம். 1863 மே மாதம் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்தைப் பொறுக்கினார். அதே ஆண்டு இப்போதைய திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தது. அந்த அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல ஆண்டுகள் தோண்டினார்கள். அங்கே கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-ல் வெளியிட்டார்கள். நம்ம மண்ணு காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். இங்கே கொல்லையில் தோண்டினால் அப்படிப்பட்ட கல் லேசில் கிடைக்காது. அதனால் அந்தக் கல் நமக்குச் சொந்தமில்லாமல் போய்விடுமா?

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கோடரியைச் செதுக்கிய கை ஹோமோ சேப்பியன் கையே கிடையாது. அதற்கு முந்திய மனித இனத்தின் கை. அப்போது தமிழும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை, சாதியும் இல்லை. கல்லுக்கு முன்னாலே தோன்றிய குடி நாங்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அத்திரம்பாக்கத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

காலக் கணக்கு மனசில் நிற்க வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். ஹோமோ சேப்பியனின் 3 லட்சம் ஆண்டை ஒரே நாளாக மடக்குங்கள். நேற்று காலை 6 மணிக்குத் தொடங்கி இன்று காலை 6 மணிக்கு முடிகிறது. ஒரு மணி நேரம் என்றால் 12,500 ஆண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பிய சனம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன் என்று வைத்தால், அப்போது மணி இரவு ஒன்று தாண்டியிருக்கும். பயிர்த்தொழில் விடியற்காலை 5 மணிக்குமேல். சாதி தன் கதவைப் பூட்டியது எப்போது? கடைசிப் பத்து நிமிடத்தில். 'அனாதி', 'சனாதனம்' என்கிறார்களே, அதன் வயது அந்த நாளில் பத்து நிமிடம்தான்.

கடைசிப் பத்து நிமிடம் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் அளவெடுத்த கதை வருகிறது.

பாரிசில் 1859-ல் பால் புரோக்கா மானுடவியல் கழகம் தொடங்கினார். மண்டையை அளப்பதும் மூக்கை அளப்பதும் அங்கே பெரிய படிப்பு. காரைக்காலை அப்போது ஆண்டதும் அதே பிரான்சு. பிரெஞ்சுக்காரர் தொபினார் வகுத்த முறையை எடுத்துக்கொண்டு ஆங்கிலேய அதிகாரி ஹெர்பர்ட் ரிஸ்லி வங்காளத்தில் மூக்களந்தார். மூக்கு அகலமானால் சாதி தாழ்வு, மூக்கு கூர்மையானால் சாதி உயர்வு என்று 1891-ல் எழுதினார். 1901 மக்கள் கணக்கெடுப்புக்கு அவர்தான் ஆணையர். சென்னை அருங்காட்சியகத் தலைவர் எட்கர் தர்ஸ்டன் தமிழ்நாடு முழுக்க இடுக்கியோடு அலைந்து, 1909-ல் சாதிகளும் பழங்குடிகளும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டார். மனுவின் கதைக்கு மில்லிமீட்டர் கணக்கில் சாட்சி கிடைத்துவிட்டது என்று இங்கிருந்த மேல்சாதிப் படிப்பாளிகளுக்கு ஒரே சந்தோஷம்.

அந்த அளவுகோலைப் பிடுங்கித் திருப்பி அடித்தவர் பாபாசாகேப். 'தீண்டப்படாதோர்' என்ற 1948-ம் ஆண்டு நூலில் கேட்டார்: மூக்களவு அறிவியல் என்றால், பார்ப்பனர் மூக்கையும் தீண்டப்படாதார் மூக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே இனம் என்றுதானே உங்கள் அட்டவணையே காட்டுகிறது? ஒரு சாதி ஆரியர் என்றால் இன்னொன்றும் ஆரியர், ஒன்று திராவிடர் என்றால் இன்னொன்றும் திராவிடர். எதிராளி கொண்டுவந்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்த வக்கீல் அவர்.

அதற்கும் 32 ஆண்டு முந்தி, 1916 மே 9-ம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் வகுப்பில் ஒரு கட்டுரை படித்தார். வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். தொழிலோ, தீட்டோ, நிறமோ சாதியைச் செய்யவில்லை. கலந்து கிடந்த சனத்தில் ஒரு கூட்டம் வெளியே பெண் கொடுக்க மாட்டேன், எடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியது. அதைப் பார்த்து மற்றவர்களும் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவு திறக்காமலிருக்க உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் வேண்டியிருந்தன. சாதி என்பது பெண்ணின் கருப்பையில் போட்ட பூட்டு என்பதை அவர் அன்றைக்கே காட்டிவிட்டார்.

97 ஆண்டு கழித்து 2013 ஆகஸ்டில் ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங், அமெரிக்காவில் பிரியா மூர்ஜானி, டேவிட் ரைக் ஆகியோர் 73 சமூகங்களின் மரபணுவைப் படித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு முன்பு வரை இந்த நாட்டில் பெரிய கலப்பு நடந்திருக்கிறது. வடக்கு மூதாதையும் தெற்கு மூதாதையும் கலக்காத சமூகம் ஏறக்குறைய இல்லை. ஒதுங்கிக் கிடந்த பழங்குடி வரை அந்தக் கலப்பு போயிருக்கிறது. பிறகு கதவு சாத்தப்பட்டது. 2016-ல் கல்யாணியில் இருக்கிற தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனத்தின் பாசுவும் மஜும்தாரும் வேறு கணக்குப் போட்டார்கள். மேல்சாதிகளில் அகமணம் இறுகியது சுமார் 70 தலைமுறைக்கு முன், குப்தர் காலத்தை ஒட்டி என்று வந்தது. எல்லா ஊரிலும் ஒரே நாளில் பூட்டவில்லை. ஆனால் பூட்டுக்கு முன்னால் திறந்த வாசல் இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கட்டுரை வந்ததற்கு ஒரு மாதம் முன்பு, 2013 ஜூலை 4 அன்று, தர்மபுரி இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். ரத்தம் கலக்கக் கூடாது என்று ரத்தம் சிந்தவைக்கிறார்கள். எந்த ரத்தம்? இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கலந்து முடித்த ரத்தம்.

இங்கே சில தோழர்கள் கேட்பார்கள்: "2019-ல வந்த ஆய்வுல வடநாட்டுப் பார்ப்பனர்கிட்ட புல்வெளி ஆயர் மரபு கூடுதலா இருக்குன்னு வந்துச்சே? அப்ப அவங்க வேற இனம்தானே?" அளவு வேறுபாடு உண்மை. கிறித்து பிறப்பதற்கு முந்தைய இரண்டாயிரம் ஆண்டுகளில் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதும் உண்மை. நாங்கள் என்றென்றைக்கும் இந்த மண்ணிலேயே இருந்தோம் என்கிற இந்துத்துவக் கதை அதில் உடைகிறது. ஆனால் குழம்பில் புளி கூடக்குறைய இருப்பதால் ஒன்று குழம்பு, இன்னொன்று வேறு பண்டம் ஆகாது. தூய ஆரியன் கிடையாது. தூய திராவிடனும் கிடையாது.

நமக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். ஆதிதிராவிடர் என்ற பெயரைப் போராடி வாங்கினோம். 1922-ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்றது. அயோத்திதாசர் காலத்திலிருந்து நம் முன்னோர் 'ஆதி', 'பூர்வ' என்ற சொற்களை எடுத்தது, இழிபெயரைத் தூக்கி எறிய. அந்தச் சொல்லுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதை ரத்தச் சான்றிதழாக மாற்ற ஆசைப்படாதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் எம்130 என்ற பழைய மரபணு அடையாளத்தைக் கண்டார். உடனே 'முதல் இந்தியர்' என்று செய்தி பரவியது. அந்த அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. அது தகப்பன்வழி ஒரு நூல், அவ்வளவுதான். ஒரு மனிதனுக்குப் பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஆயிரத்துச் சொச்சம் மூதாதையர். அதில் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மூத்தவன், இளையவன் என்றால் என்ன அர்த்தம்? இன்றைக்கு உயிரோடு இருக்கிற எல்லாருக்கும் வம்சாவளி ஒரே நீளம்.

நிறத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாத்து நட்டுக் கறுத்த நம்ம அம்மாக்களை 'கருவாச்சி' என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. கறுப்பு, கடும் வெயிலில் உடம்பிலுள்ள ஃபோலேட் சத்தைக் காப்பாற்றிய கவசம் என்று நீனா ஜப்லான்ஸ்கி விளக்கியிருக்கிறார். அந்தச் சத்துக் குறைந்தால் கருவிலிருக்கும் பிள்ளையின் தண்டுவடம் சரியாக வளராது. ஹோமோ சேப்பியனின் முதல் பிள்ளைகளும் கறுப்பே. வெளுப்பு பின்னால் வந்தது.

ஆகவே நான் சொல்ல வந்தது இது. இந்த ஆய்வு நமக்குச் சான்றிதழ் கொடுப்பதற்கு இல்லை. அவன் காட்டும் சான்றிதழ் போலி என்று நிரூபிப்பதற்கு. நாளைக்கு ஒரு ஆய்வுக்கூடம் நம் ரத்தத்தைப் பற்றி வேறு எதையாவது சொன்னால், பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிடுவோமா? உரிமைக்கு மரபணு வேண்டாம். மனுசனாயிருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேலை. நான் படித்த பள்ளியில் ஒரு வாத்தியார் பரிணாமப் பாடத்தை நடத்தி முடித்ததும், "இது பரீட்சைக்கு மட்டும், நம்பணும்னு அவசியமில்ல" என்பார். அவராவது நடத்தினார். பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, 2023-ல் அச்சான என்.சி.ஈ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடத்தை 'மரபு' என்று வெட்டினார்கள். 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்று பதில் வந்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறின. காரைக்கால் பிள்ளைகளும் அதில் அடக்கம். பத்தோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகிற பிள்ளை யார்? பதினொன்றில் உயிரியல் கிடைக்காத பிள்ளை யார்? நம்ம தெருப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தன் பிறப்பைப் பற்றிக் கோயில் வாசலில் கேட்ட கதை மட்டும்தான் மிஞ்சும்.

அதனால் மாலைநேரப் படிப்பு நடத்துகிற தோழர்கள் கணக்கு, ஆங்கிலத்தோடு இதையும் சேருங்கள். லூசியின் படம் ஒன்று, உலக வரைபடம் ஒன்று, அந்த 24 மணி நேரக் கணக்கு. இது போதும் தொடங்க. பாடநூலில் வெட்டிய பக்கத்தை நம்ம திண்ணையில் நடத்துவோம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். சண்டை போடுவதாக இருந்தாலும் போடுவோம்.