பழுது பார்க்கும் கடை



கோலார் தங்கவயல் என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஆனால் தெருவில் நடந்தால் காதில் நிறையத் தமிழ் விழும். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள்.

போனவர்கள் தங்கம் வெட்டினார்கள். நூறு வருடங்களுக்கு மேல் வெட்டினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் சுமார் 3 கிலோமீட்டர் ஆழம் போனது. 1902-ல் சிவனசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். அது இந்தச் சுரங்கத்துக்காக எடுத்த மின்சாரம். அப்போது ஊர்நாட்டில் பல இடங்களில் விளக்கெண்ணெய் விளக்குதான்.

2001 பிப்ரவரி 28. அன்றோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிறகு அந்த ஊர் மக்களுக்கு ரயில்தான் சோறு போட்டது. விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுவார்கள். பெங்களூரில் வேலை செய்வார்கள். இரவு வீடு திரும்புவார்கள். இன்றும் அப்படித்தான்.

அப்படி ரயில் ஏறிய ஓர் இளைஞரின் கதை இது. அவருடைய அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். பிறகு முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவர். இந்த அம்மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் மறுபடியும் வருவார்.

பெங்களூரில் எஸ்.பி. ரோடு என்று ஒரு சாலை உண்டு. சிறு சிறு கடைகள், குறுகலான மாடிப்படிகள். கம்ப்யூட்டரும் அதன் பாகங்களும் மலிவாகக் கிடைக்கும் இடம். டில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, சென்னையில் ரிச்சி தெரு மாதிரி. அங்கே ஒரு பழுது பார்க்கும் கடையில் இளைஞர் ஆறு வருடம் வேலை செய்தார்.

முதல் வருடம் தூசி தட்டும் வேலைதான். அதுவும் ஒரு பாடம். கம்ப்யூட்டர் கெட்டுப் போவதற்குத் தூசி பெரிய காரணம். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி சுற்றுகிறது. அதில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும். வீட்டுக்காரர் பயந்து போவார். தூசியைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவினால் பல நேரம் சரியாகிவிடும்.

இன்னொன்று. கம்ப்யூட்டரில் ரேம் என்று ஒரு பட்டை இருக்கிறது. ஒரு விரல் நீளம், இரண்டு விரல் நீளம் இருக்கும். அதன் ஓரத்தில் மஞ்சள் பற்கள் தெரியும். அது தங்க முலாம்! அதில் அழுக்குப் படிந்தால் திரையில் படமே வராது. பட்டையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் துடைப்பார்கள். திரும்ப மாட்டினால் படம் வந்துவிடும். இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "நான் மூணு கிலோமீட்டர் கீழே போய் வெட்டினேன். நீ ரப்பர் வச்சுத் தேய்க்கிறே" என்றார்.

2020 மார்ச் மாதம் கொரோனா நோயால் ரயில்கள் நின்றன. இளைஞர் வீட்டில் உட்கார்ந்தார். சம்பளம் இல்லை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் நடந்தது. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டர்களை எல்லாம் மக்கள் இறக்கினார்கள். "தம்பி, இதைக் கொஞ்சம் பாருப்பா" என்று வாசலில் வந்து நின்றார்கள். அவர் திண்ணையில் ஒரு பாயை விரித்து வேலையைத் தொடங்கினார்.

அடுத்த வருடம் ரயில் திரும்ப ஓடியது. எஸ்.பி. ரோடு முதலாளி கூப்பிட்டார். இளைஞர் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் கடை போடுகிறேன் என்றார்.

அப்பாவுக்குக் கோபம். "ஏம்பா, மாசச் சம்பளத்தை விட்டுட்டு வர்றியா? ஒரு நாள்லே சம்பளம் நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவர் சொன்னதும் பொய் இல்லை. சுரங்கம் மூடிய பிறகு அந்த வீட்டில் மூன்று வருடம் கஞ்சிதான்.

"ஆறு மாசம் பார்க்கிறேன்பா. வாடகை கட்ட முடியலேன்னா திரும்ப ரயில் ஏறிடறேன்" என்றார் மகன்.

பணத்துக்கு என்ன செய்தார்? கையில் 40,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. முத்ரா கடன் என்று ஒரு திட்டம் உண்டு. 2015-ல் தொடங்கியது. சிறு தொழிலுக்கு வங்கிகள் கடன் கொடுக்கும். 50,000 ரூபாய் வரை உள்ள கடனுக்குச் சிசு என்று பெயர். நகையோ வீட்டுப் பத்திரமோ அடமானம் வேண்டாம். ஆனால் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். வேறு வங்கியில், வாங்கப் போகும் சாமான்களின் விலைப் பட்டியலைக் கடைகளில் எழுதி வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகுதான் கிடைத்தது.

மொத்தம் 90,000 ரூபாய். அதை எப்படிச் செலவு செய்தார் என்று பாருங்கள். கடை முன்பணம் 20,000. மேசை, அலமாரி, விளக்கு 9,000. கருவிகள் 8,000. மாற்றுப் பாகங்கள் 18,000. பெயர்ப் பலகை 3,500. ஆக 58,500 ரூபாய். மீதி 31,500 ரூபாயை அவர் தொடவே இல்லை. கடை வாடகை மாதம் 3,500. ஆறு மாத வாடகை 21,000. மீதி 10,500 கரண்டு பில்லுக்கும் போக்குவரத்துக்கும். புதுக் கடை போடுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். உள்ளதை எல்லாம் கண்ணாடி அலமாரியிலும் வண்ண விளக்கிலும் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் மாதம் வாடகைக்குக் கைமாற்று வாங்குகிறார்கள்.

முதல் மாதம் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? பதினொரு பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். சொந்தக்காரர்கள் காசு கொடுக்க மாட்டார்கள். காப்பி குடித்துவிட்டுப் போவார்கள்.

பலகையைப் பார்த்து ஆள் வராது என்று அவருக்குப் புரிந்தது. சைக்கிளை எடுத்தார். ஜெராக்ஸ் கடை, தனியார் பள்ளி, கணக்கர் அலுவலகம், மருந்துக் கடை எல்லாவற்றுக்கும் போனார். கம்ப்யூட்டர் நின்றால் ஒரு நாள் வியாபாரமே நிற்கும் இடங்கள் அவை. பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு நாள் வீண். "அண்ணா, போன் பண்ணுங்க. ஒரு மணி நேரத்துலே வர்றேன்" என்று சொல்லி நம்பர் கொடுத்தார். முதலில் கூப்பிட்டது ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்றார். உள்ளே இருந்த ரப்பர் உருளை தேய்ந்திருந்தது. மாற்றினார். அந்தக் கடைக்காரர் இன்னும் மூன்று பேரிடம் சொன்னார். நாலாம் மாதம் கடை வாடகை கடை வருமானத்திலேயே வந்தது.

அந்த நாலாம் மாதத்தில்தான் பெரிய தவறும் நடந்தது.

ஒரு நர்ஸ் அம்மா லேப்டாப் கொண்டு வந்தார். ஆன் செய்தால் பாதியில் நிற்கிறது. இளைஞர் பார்த்தார். விண்டோஸ் கெட்டிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இதை பார்மட் செய்வது என்பார்கள். அவருக்கு அன்று அவசரம். வேறு இரண்டு இடத்துக்குப் போக வேண்டும். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படங்களை எல்லாம் டி டிரைவ் என்ற பகுதியில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். சி டிரைவ் என்ற பகுதியை அழித்தார்.

ஆனால் திரையின் முகப்பில் வைக்கும் படங்கள் சி டிரைவில்தான் இருக்கும். அந்த அம்மா அங்கேதான் வைத்திருந்தார். அவருடைய அப்பாவும் சுரங்கத் தொழிலாளி. இறந்துவிட்டார். தலையில் விளக்குத் தொப்பியோடு நிற்கும் படம், கல்யாணப் படம், கடைசிப் பொங்கல் படம், எல்லாம் அதில் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

மாலையில் வந்து பார்த்தார். அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அழித்த படங்களை மீட்க மென்பொருள் உண்டு. ஆனால் அழித்த இடத்தின் மேல் புதிதாக எதையும் எழுதக் கூடாது. எழுதிவிட்டால் அடியில் இருப்பது போய்விடும். இங்கே விண்டோஸ் முழுவதையும் மேலே எழுதியாகிவிட்டது. இளைஞர் இரண்டு இரவு தூங்காமல் முயன்றார். 60 படங்கள் போலத் திரும்பி வந்தன. விளக்குத் தொப்பிப் படம் வரவில்லை. "தப்பு என் மேலதான்க்கா" என்று சொன்னார். காசு வாங்கவில்லை. அந்த அம்மா பிறகு அந்தக் கடைக்கு வரவே இல்லை.

அன்று இரவு அப்பா ஒன்றுதான் கேட்டார். "சுரங்கத்துலே வெடி வைக்கிறதுக்கு முன்னாலே என்ன செய்வோம் தெரியுமா? ஆள் இருக்கான்னு மூணு தரம் கூப்பிட்டுக் கேப்போம். நீ கேட்டியா?"

மறுநாள் அம்மா ஒரு நீள நோட்டு வாங்கினார். அன்றிலிருந்து கடைக்கு அவரும் வருகிறார். யார் எதைக் கொண்டு வந்தாலும் அம்மா நோட்டில் எழுதுவார். பெயர், போன் நம்பர், தேதி, என்ன பழுது, சார்ஜர் கொடுத்தாரா, பை கொடுத்தாரா. கடைசியில் ஒரு கேள்வி: "உள்ளே வேண்டிய படம், கடிதம் ஏதாவது இருக்கா?" பதிலையும் எழுதி, கையெழுத்து வாங்குவார். படம் இருந்தால் முதலில் அதை வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டுத்தான் இளைஞர் கையை வைப்பார்.

நோட்டால் வேறு நன்மையும் வந்தது. ஒருவர், "சார்ஜரும் கொடுத்தேனே, எங்கே?" என்று சண்டைக்கு வந்தார். அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். சார்ஜர் இல்லை என்று எழுதி, அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். பேசாமல் போய்விட்டார்.

அம்மா கடையில் இருப்பதால் பெண்கள் தயங்காமல் வருகிறார்கள். லேப்டாப்பில் குடும்பப் படங்கள் இருக்கும். அதை அந்நியரிடம் கொடுக்கப் பயம். பயப்படுவது நியாயம்தான். இளைஞர் திரையை வெளிப் பக்கம் திருப்பி வைத்து வேலை செய்கிறார். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து செய்வதில்லை.

கூலி விஷயம். பார்த்துச் சொல்ல 200 ரூபாய் என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். என்ன செலவு ஆகும் என்று முதலிலேயே சொல்கிறார். சரி என்றால் செய்கிறார். பழைய பாகத்தைக் கழற்றினால் அதை வாடிக்கையாளர் கையிலேயே கொடுக்கிறார். நல்ல பாகத்தை எடுத்துக்கொண்டு கெட்டதை மாட்டிவிட்டார்கள் என்ற பேச்சு இந்தத் தொழிலில் உண்டு. பேச்சு மட்டும் இல்லை, சில இடங்களில் நடப்பதும் உண்டு.

திருட்டு மென்பொருள் இன்னொரு தொல்லை. "ஓசியில் விண்டோஸ் போட்டுக் கொடு" என்று கேட்பார்கள். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். அதோடு வைரஸும் வரும். முதலில் அவரும் போட்டுக் கொடுத்தவர்தான். இப்போது காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு லினக்ஸ் போடுகிறார். அது இலவசம். சட்டத்துக்கும் விரோதம் இல்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு நின்றது. அப்போது பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட வேண்டுமா என்று பலர் வந்து கேட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்கை மாட்டி, லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் படிக்க அது போதும்.

பதிவு வேலைகள் அதிகம் இல்லை. நகராட்சியில் தொழில் உரிமம் வாங்கினார். உத்யம் என்ற சிறு தொழில் பதிவை ஆதார் எண் வைத்துக் கம்ப்யூட்டரிலேயே செய்தார். அதற்குக் கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. 2,000 கொடு என்று கேட்கும் தரகரிடம் ஏமாறாதீர்கள். இதுபோன்ற சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம்.

தொழிலே தெரியாதவர் என்ன செய்வது? 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் ருட்செட் என்ற பயிற்சி நிலையம் தொடங்கியது. அதைப் பார்த்து இன்று நாடு முழுவதும் பெரும்பாலான மாவட்டங்களில் வங்கிகள் கிராமப்புற சுயதொழில் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. பயிற்சி, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் இலவசம். வங்கியில் கேட்டால் சொல்வார்கள்.

கடையில் குப்பையும் சேர்ந்தது. உடைந்த போர்டுகள், வீங்கிய பேட்டரிகள். ஒருவர் வந்தார். "போர்டுலே தங்கம் இருக்கு. கிலோ கணக்குலே எடுத்துக்கிறேன். ஆசிட்லே போட்டுப் பிரிச்சிடலாம்" என்றார். நல்ல விலைதான் சொன்னார்.

அப்பா அன்று கடையில் இருந்தார். வெளியே கையைக் காட்டினார். தூரத்தில் மலை போல மண் மேடு தெரிந்தது. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைடு மண். காற்று அடித்தால் அந்தத் தூள் ஊருக்குள் வருகிறது. "அந்தக் குப்பையே இன்னும் போகலே. நீ புதுசா ஒண்ணு கொண்டு வராதே" என்றார்.

2023 ஏப்ரல் முதல் மின்னணுக் கழிவுக்குப் புது விதிகள் வந்துள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களுக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கே விலை குறைவு. இளைஞர் மூட்டை சேர்ந்ததும் அங்கேதான் அனுப்புகிறார்.

முத்ரா கடனுக்கு மாதம் சுமார் 1,700 ரூபாய் கட்டினார். மூன்று வருடத்தில் தீர்ந்தது. இன்று வீட்டுக்கு வரும் பணம் எஸ்.பி. ரோடு சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். மழைக் காலத்தில் குறைந்தும் போகும். ஆனால் காலை ஐந்து மணி ரயில் இல்லை. இப்போது அவரிடம் ஒரு பையன் வேலை கற்கிறான். தூசி தட்டுகிறான். அம்மாவின் நோட்டு ஏழாவது நோட்டு.