தையல் ஆறிய பிறகும் வலிக்குதா? வாய் திறந்து சொல்லுங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்று கடன், வசூல் பற்றிப் பேசப் போவதில்லை. நாம் செய்த ஒரு தவறைப் பற்றிப் பேசப் போகிறோம்.

நம் குழு ஒன்றில் ஒரு தங்கச்சி மாதம் ஒரு கூட்டத்துக்கு வரமாட்டாங்க. "சோம்பேறித்தனம்"னு சொல்லி அபராதம் போட்டோம். அவங்களும் பேசாம கட்டினாங்க. ஒருநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, வயிற்றைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டு படுத்திருந்தாங்க. சிசேரியன் ஆகி இரண்டு வருஷம். மாதவிலக்கு வந்தா தழும்புல கட்டி மாதிரி வீங்கி வலிக்குமாம். "ஆபரேஷன் உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு வீட்டுல சொல்லிட்டாங்களாம்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதனால் இது யாரோ ஒருத்தர் பிரச்சினை இல்லை.

சிசேரியனில் தோல் மட்டுமல்ல, உள்ளே கர்ப்பப்பை வரை அடுக்கடுக்காகத் திறந்து தைக்கிறார்கள். மேல் தையல் சில வாரங்களில் ஆறிவிடும். உள்ளே ஆறப் பல மாதம் ஆகும். சின்ன நரம்புகள் அறுபடுவதால் தழும்பைச் சுற்றி மரத்துப்போகும், அரிக்கும். இது போகப்போகக் குறையணும். மூன்று மாதம் தாண்டியும் வலி குறையலேன்னா டாக்டரிடம் காட்டணும்.

இவற்றைக் கவனியுங்கள்:

* இருமும்போதும் முக்கும்போதும் தழும்பு பக்கம் புடைத்தால் குடலிறக்கமாக இருக்கலாம்.
* ஒரே இடத்தில் சுரீர்னு எரிந்தால் நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம்.
* மாதவிலக்கு நாட்களில் தழும்பு வீங்கி வலித்தால், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற சதை தழும்பில் வளர்ந்திருக்கலாம்.
* தழும்பு சிவந்து, சீழ் வந்து, காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

அந்தத் தங்கச்சியிடம் வலி வந்த நாட்களைக் காலண்டரில் குறிக்கச் சொன்னோம். மூன்று மாதக் குறிப்போடும் பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டோடும் கூட்டிப் போனோம். டாக்டர் காலண்டரைப் பார்த்ததுமே ஸ்கேன் எழுதினார். தழும்புக்குள் இருந்த சின்னக் கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது கூட்டத்துக்கு முதல் ஆளாக வருகிறார். அபராதப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதனால் மூன்று விஷயம் முடிவு செய்வோம். உடம்பு முடியாதவருக்கு அபராதம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குத் துணையாக ஒரு உறுப்பினர் போகணும். போக்குவரத்துச் செலவுக்குக் குழுவில் அன்றைக்கே உள்கடன் கொடுக்கணும். ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள், வழிகாட்டுவார்.

வீட்டில் மருமகளோ மகளோ "தையல் வலிக்குது"ன்னு சொன்னா, "நாங்க பெக்கலையா?"ன்னு கேட்காதீங்க. "எந்த இடம், எந்த நாள்?"னு கேளுங்க.