ஆதாரம் உள்ளவன் பேச்சே அம்பலம் ஏறும்

(துறையூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

‘பத்திரிகைகள் நமக்கு எதிராக எழுதுகின்றன’ என்று மேடைதோறும் குமுறுகிறோம். குமுறல் நியாயமானதே. ஆனால் அந்த ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நியாயத்தை எழுதிய ஒரு மனிதரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தான் மர்ஹூம் ஏ.ஜி. நூரானி.

1930 செப்டம்பர் 16-ல் பம்பாயில் பிறந்தார். பம்பாய் உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் வழக்கறிஞராக இருந்தார். அமைச்சராகவோ, எம்.பி.யாகவோ இருந்தவரல்லர். சென்னையிலிருந்து வெளிவரும் ‘ஃப்ரன்ட்லைன்’ இதழில் நீண்டகாலம் எழுதினார். 2024 ஆகஸ்ட் 29-ல் மும்பையில் வஃபாத்தானார்.

அவருடைய பலம் எது? கோபமா? இல்லை. ஆதாரம்! எந்தத் தேதியில் எந்தத் தலைவர் என்ன சொன்னார், எந்தக் கடிதத்தில் என்ன எழுதினார் என்று தாளை எடுத்து வைத்துவிட்டுத்தான் வாதத்தைத் தொடங்குவார். பாபரி மஸ்ஜித் ஆவணங்களை 2003-ல் இரண்டு தொகுதிகளாகத் தந்தார். 370-வது பிரிவின் வரலாற்றை 2011-லும், ஹைதராபாத் சம்பவங்களை 2013-லும் நூலாக்கினார். நம் பிரச்சினைகளோடு அவர் நின்றுவிடவில்லை. பகத்சிங் வழக்கு விசாரணையில் நடந்த அநீதியையும் 1996-ல் ஒரு நூலாக எழுதினார்.

‘இவ்வளவு எழுதி என்ன பயன்? தீர்ப்பு மாறவில்லையே?’ என்று ஓர் இளைஞர் கேட்கலாம். உண்மைதான். 2019 நவம்பர் 9-ல் பாபரி இடம் கோயிலுக்கே தரப்பட்டது. ஆயினும் 1949-ல் சிலைகளை வைத்ததும், 1992 டிசம்பர் 6-ல் பள்ளியை இடித்ததும் சட்டவிரோதம் என்று அதே தீர்ப்பில் பதிவாகியிருக்கிறதே! சாட்சியமும் ஆவணமும் இல்லாதிருந்தால் அந்த வரிகளும் இருந்திருக்காது. இடம் கை மாறலாம், பதிவு மாறாது.

வணிகர்களே! கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே நீளமானது. பில் இல்லாத சரக்கை நீங்கள் வாங்குவீர்களா? கடைக் கணக்கில் காட்டும் கவனத்தைச் சமுதாயக் கணக்கில் ஏன் காட்டுவதில்லை? காலங்காலமாகப் பயன்படுத்தியதை மட்டும் காட்டி ஒரு சொத்தை வக்ஃப் என்று சொல்லும் வழியை, 2025-ன் திருத்தச் சட்டம் இனிவரும் சொத்துகளுக்கு அடைத்துவிட்டது. பள்ளிவாசல் பீரோவில் செல்லரித்துக் கிடக்கும் பத்திரங்களை இன்றே எடுங்கள். நகல் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இளைஞர்களே! கைப்பேசியில் வந்ததை விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்புவது சமுதாயப் பணி ஆகாது. செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது (49:6). நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழும் ஒரு தமிழ் நாளிதழும் படியுங்கள். முக்கியச் செய்திகளைத் தேதியுடன் வெட்டி ஒட்டி வையுங்கள். தவறான செய்தி வந்தால், வசை இல்லாமல், ஆதாரத்தோடு ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள். ஒன்பது கடிதம் குப்பைக்குப் போனாலும் பத்தாவது அச்சேறும். அதற்கான நாளிதழ்ச் சந்தாவையும் நூலகச் செலவையும் நம் வணிகர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஒரு நூரானி போய்விட்டார். துறையூரிலிருந்து ஒருவர் எழுந்து வரட்டும். இன்ஷா அல்லாஹ், வருவார்.