மணியோசைக்குக் கூடிய பிள்ளைகள்



இந்த இருக்கையில் எனக்கு முன் அமர்ந்தவர்களின் நூல்களைப் படித்துத்தான் நான் ஆய்வுக்கு வந்தேன். மகிழ்ச்சியோடு சற்றுப் படபடப்பும் இருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

'சமய மரபுகளில் குழந்தையும் வழிபாடும்' என்பது இந்த மாநாட்டின் பொருள். ஏழு வயதில் தொழுகைக்கு ஏவச் சொல்லும் நபிமொழி, பாஸ்கா இரவில் வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்கும் யூத வழக்கம், மார்கழிப் பாவை நோன்பு எல்லாம் நீங்கள் அறிந்தவையே. ஆனால் பெரியவர் கற்பிக்கிறார், குழந்தை கற்கிறது என்றே நாம் எழுதிவருகிறோம். அது பாதி வரலாறுதான். நடுக்கால ஜெர்மானிய யூதரிடையே, வயது வராத பிள்ளை கடமைத் தொழுகையை முன்னின்று நடத்த முடியாது. ஆயினும் பெற்றோரை இழந்த சிறுவனுக்கென்று 'கதீஷ்' துதியை ஒதுக்கினார்கள். அவன் சொல்ல, சபை 'ஆமென்' என்றது. அங்கே வழிபாட்டை நடத்தியவன் அந்தச் சிறுவனே.

நம் கடற்கரைக்கு வருகிறேன். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமாபுரிக்குப் புனித சவேரியார் எழுதிய மடலை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முழுவதும் படித்தவர் குறைவு. இருமொழி அறிந்தவர்களைக் கூட்டி மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு முத்துக்குளித்துறையில் நடக்கிறார். பிள்ளைகள் கூடுகிறார்கள். கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை அனுப்புகிறார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது பிள்ளைகளே போகிறார்கள்; வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, படுக்கையருகே விசுவாசப் பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பெற்றோர் வணங்கிய சிலைகளை அதே பிள்ளைகள் உடைத்ததும் அந்த மடலில்தான் இருக்கிறது. அந்தக் கசப்பை மறைத்துவிட்டு இந்தச் சான்றைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை.

பல்லாண்டுகளுக்கு முன் இதைக் கட்டுரையாக வாசித்தபோது, நான் இன்றும் மதிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர், 'ஐரோப்பாவில் ஆதரவு திரட்ட எழுதிய மடல் சான்றாகாது' என்று ஒரே வரியில் ஒதுக்கினார். அன்று என்னிடம் விடை இல்லை. இன்று இருக்கிறது.

அதே 1544இல், இதே கரையில் உழைத்த தம் தோழர் மன்சிலாசுக்குச் சவேரியார் எழுதிய மடல்கள் ஐரோப்பாவுக்கு எழுதியவை அல்ல. அன்றாட வேலைக் குறிப்புகள். அவற்றுள் ஒன்றில், பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்ததை மாற்றி 'விசுவாசிக்கிறேன்' என்ற பொருள்படச் சொல்லும்படி பணிக்கிறார். முதல் மொழிபெயர்ப்பு பிழைபட்டிருந்தது! பெருமை தேடுபவர் தம் பிழையை எழுதுவாரா? பிள்ளைகள் ஊர் ஊராகக் கொண்டுபோன மந்திரத்தில் இந்த 'வேணும்' இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. காய்ச்சலில் கிடந்த ஒருவரின் தலைமாட்டில் நின்று ஒரு பரதவச் சிறுவன் 'நம்புகிறேன்' என்று சொல்லியிருக்கமாட்டான், 'எனக்கு வேணும்' என்று சொல்லியிருப்பான்.

நம் அச்சு வரலாற்றாசிரியர்கள் 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் மந்திரநூலிலிருந்தும், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்க'த்திலிருந்தும் தொடங்குகிறார்கள். அவர்கள் பணியைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நூல்களுக்கு முன்பே தமிழ் ஜெபம் கரையோரத்தில் வழங்கியது. அதைச் சுமந்தவர்களில் ஒரு சிறுவனின் பெயரைக்கூட நம் நூல்களில் நான் கண்டதில்லை. சவேரியாரை எழுதினோம், 'தம்பிரான் வணக்க'த்தைத் தமிழாக்கிய என்றீக்கே பாதிரியாரை எழுதினோம். பிள்ளைகளை 'மாணாக்கர்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டோம். இது பிழை.

களத்துக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். மதரஸாவானாலும் ஞாயிறு மறைக்கல்வியானாலும் தேவாரப் பாடசாலையானாலும், குழந்தை தவறாகச் சொன்னால் திருத்தி எழுதாதீர்கள், சொன்னபடியே எழுதுங்கள். யாரிடம் கற்றாய் என்று கேட்கும் நீங்கள், யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்றும் கேளுங்கள்.