மென்படலமும் எக்ஸ் கதிரும்



திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் உழைத்த நம் முன்னோர், ஆவாரம்பட்டைச் சாறு தோலின் நடுவரை இறங்கிவிட்டதா என்பதை எவ்வாறு அறிந்தனர்? ஓரத்தில் சிறிது வெட்டி, வெட்டுவாயின் நிறத்தைப் பார்த்தனர். அதனை அறிவியல் என்று எவரும் அழைக்கவில்லை என்பது வேறு செய்தி.

வெட்டிப் பார்க்க இயலாத பொருள்களும் உண்டு. ஸ்டியரிக் என்னும் கொழுப்பு அமிலத்தைக் கரைத்துச் சிறு துளியாக நீர்மேல் விட்டால், ஒரே மூலக்கூறு கனமுள்ள படலமாக விரியும். அதன் கனம் ஏறக்குறைய 25 ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நான்கு இலட்சம் படலங்களை அடுக்கலாம். கண்ணாடித் தகட்டை நீரில் அமிழ்த்தி எடுத்து, இப்படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் முறையை 1930களில் காதரின் பிளாட்ஜெட் அம்மையார் செம்மைப்படுத்தினார். அவருக்கும் முன்னரே, பெண் என்பதால் பல்கலைக்கழகம் புக இயலாத ஆக்னஸ் பாக்கெல்ஸ், ஜெர்மனியில் தம் வீட்டிலேயே தகரத் தொட்டி அமைத்து நீர்ப்பரப்பை ஆராய்ந்தார். அவர் எழுதிய கடிதம் 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

இவ்வடுக்கின் கனத்தையும் அமைப்பையும் சிதைக்காமல் அறிய, எக்ஸ் கதிரைப் பரப்பை உரசினாற்போல மிகச் சாய்வாகச் செலுத்துகின்றனர். ஒரு சிறு கோணம் வரை கதிர் ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். அக்கோணத்தைக் கடந்ததும், ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலும் மற்றொரு பகுதி அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும். இரண்டும் கலக்கும்போது சில கோணங்களில் வலுக்கும்; சிலவற்றில் மங்கும். மழைநீரில் மிதக்கும் எண்ணெயில் வண்ணங்கள் தோன்றுவதும் இக்காரணத்தாலேயே. வரைபடத்தில் எழும் மேடுகளின் இடைவெளியே கனத்தைச் சொல்லும். 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள கதிருக்கு, விழுகோணம் 0.1 பாகை கூடுந்தோறும் ஒரு மேடு வருமாயின், கனம் ஏறத்தாழ 440 ஆங்ஸ்ட்ராம். பரப்பு கரடுமுரடாயின் திரும்பும் கதிர் விரைந்து குறையும்.

ஒன்றை மறைக்கலாகாது. கருவி கதிரின் வலுவை மட்டுமே பதிவு செய்கிறது. அலைகளின் கட்டத்தை அன்று. ஆகவே இருவேறு அமைப்புகள் ஒரே வரைகோட்டைத் தரக்கூடும். படலம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அறிந்தவரே சரியானதைத் தெரிந்தெடுக்க இயலும். கைவேலை அறியாத கணக்கு இங்கே செல்லாது.

நம் நாட்டில் இத்துறையில் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம். மிலன் குமார் சன்யாலும் அவர்தம் குழுவினரும் அங்கே இத்தகைய படலங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். நிறுவனத்துக்குப் பெயர் தந்த மேகநாத சாகா, 1893இல் டாக்கா அருகே ஒரு சிற்றூர் மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். மாணவர் விடுதியில் சாதியின் பெயரால் உடனிருந்து உண்ண அவருக்கு மறுத்தனர். அவரே 1920இல், வந்தடையும் ஒளியைக் கொண்டு விண்மீன்களின் வெப்பநிலையை அறிய உதவும் சமன்பாட்டைத் தந்தார்.

நம் பிள்ளைகள் பலர் செய்முறை வகுப்பில் பின்வரிசையில் நின்று பார்த்துவிட்டு, பிறர் அளந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றனர். ஆதலின், நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு முதலில் ஒரு தகரத் தொட்டியும், சிறிது முகப்பவுடரும், ஒரு புட்டி எண்ணெயும் வாங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். எண்ணெய்த் துளி பவுடரை விலக்கி விரிந்த பரப்பை அவர்கள் தம் கையாலேயே அளக்கட்டும்.