படியேறும்போது வரும் மூச்சு



மருதானைப் புகையிரத நிலையத்துப் படியேறும்போது களைத்தால் "வயது போய்விட்டது" என்கிறோம். வறட்டு இருமலும் சேர்ந்தால் தொய்வு என்று சொல்லிக் கைமருந்து தேடுகிறோம். ஆனால், தொய்வில் சுருங்குவது காற்றுக்குழாய். நுரையீரலின் காற்றறைகளுக்கு மெல்லிய சுவர்கள் உள. அவற்றின் வழியாகவே பிராணவாயு இரத்தத்திற் கலக்கிறது. அச்சுவர் அழன்று, தடித்துத் தழும்பாகும் நோய்கள் பல. அவற்றை இடைத்திசு நுரையீரல் நோய்கள் என்பர். ஆரம்பத்திலே சாதாரண எக்ஸ்ரே படத்திலும் அவை தெரியாமற் போகலாம்; சீ.ரி. ஸ்கான் வேண்டும்.

இந்தியாவில் 1,084 நோயாளரை ஆராய்ந்து 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் வந்தது, பூஞ்சணம், பறவை எச்சம் போன்றவற்றின் தூசு மூச்சோடு உட்சென்று உண்டாக்கிய ஒவ்வாமையால். புறா வளர்க்கும் தம்பிமார் கோபிக்க வேண்டாம், எல்லோருக்கும் வருவதன்று. ஆயினும் இருமல் மாதக்கணக்கில் நீடித்தால், புறாக்கூட்டையும் பூஞ்சணம் பிடித்த சுவரையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காரணத்தை வேளைக்கே விலக்கினால் அழற்சி தணியக்கூடும். விழுந்த தழும்போ மாறாது; நின்டெடனிப் போன்ற மருந்துகளும் அது பரவுவதைத் தாமதப்படுத்துமேயன்றி அழிக்கமாட்டா.

வெலிசறையிலே சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை இருக்கிறது. வைத்தியர் அங்கே அனுப்பினால், தகப்பனாரைத் தனியே பஸ் ஏற்றிவிடாமல் நீங்களும் ஒருநாள் லீவு எடுத்துக் கூடப் போங்கள்.